ஈரம் சொல்லும் மணி

1. சுருட்டி வைத்த பாய்

கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். ஒரு காலத்தில் அங்கே தங்கச் சுரங்கம் நடந்தது. 2001 ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன் கிளம்புகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

சேகரும் அப்படித்தான். அவர் மனைவி அமுதா. மகன் குமார். குமாருக்கு எட்டு வயது. லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒரே அறை. மூவரும் அந்த அறையில்தான் படுக்க வேண்டும்.

அன்று காலை அமுதா கண் விழித்தாள். குமாரைக் காணோம். மூலையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அமுதா பாயைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். உள்ளே ஈரமான கால்சட்டையும் இருந்தது.

குமார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். துண்டை இடுப்பில் சுற்றியிருந்தான். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"இன்றைக்கும் நனைத்துவிட்டாயா?" என்று அமுதா கேட்டாள்.

குமார் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

பக்கத்து வீட்டு ஆயா இதைப் பார்த்தார். "கரண்டியைக் காய்ச்சி ஒரு சூடு போடு. அன்றோடு நின்றுவிடும்" என்றார்.

அமுதாவுக்கும் அலுத்துப்போயிருந்தது. நாள்தோறும் பாயைக் கழுவ வேண்டும். போர்வையைத் துவைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அடித்துப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காமலும் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

குமார் வாசலிலிருந்து பார்த்தான். ஓடவில்லை. அழவில்லை. "அம்மா, சூடு போட்டால் நிஜமாகவே நின்றுவிடுமா?" என்று கேட்டான். "நின்றுவிட்டால், லீவுக்கு பங்காருபேட்டை அத்தை வீட்டுக்குப் போகலாமா?"

அமுதாவின் கை நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

2. யார் குற்றம்?

அந்த வாரம் ஆஷா பணியாளர் லட்சுமி வந்தார். அமுதா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடுப்பை அணைத்தாயே, அதுவே பாதி வைத்தியம்" என்றார் லட்சுமி. "வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடலாம்."

மருத்துவர் குமாரைச் சோதித்துப் பார்த்தார். சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். நோய் எதுவும் இல்லை. பிறகு அவர் விளக்கினார்.

"நம் உடம்பில் சிறுநீர்ப்பை இருக்கிறது. அது நிறைந்ததும் மூளைக்குச் சேதி போகும். நாம் விழித்துக்கொள்வோம். சில குழந்தைகளுக்கு அந்தச் சேதி தூக்கத்தில் எட்டுவதில்லை. சில குழந்தைகளுக்கு இரவில் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும். சிலருக்குப் பை கொள்ளும் அளவு குறைவு. வளர வளர இது சரியாகும். சிலருக்குச் சீக்கிரம் சரியாகும். சிலருக்குத் தாமதமாகும். பல் முளைப்பது போலத்தான்."

"வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார்களே, டாக்டர்?"

"தூங்குகிறவன் வேண்டுமென்றே எப்படிச் செய்வான்? இவன் ஒருவன் மட்டும் இல்லை அம்மா. ஏழு வயதுக் குழந்தைகள் 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5 முதல் 10 பேர் வரை படுக்கையை நனைக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் என்றால் இதைக் குறையாகவே எண்ணக் கூடாது."

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். "உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா?"

"எனக்கு இல்லை. அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றாள் அமுதா.

"கேளுங்கள். இது குடும்ப வழியாக வரும். தாய், தகப்பன் இருவருக்கும் இருந்திருந்தால் 100 குழந்தைகளில் சுமார் 77 பேருக்கு வரும். ஒருவருக்கு இருந்திருந்தால் சுமார் 44 பேருக்கு வரும்."

இரவு சேகர் வந்தார். சாப்பிட்டு முடித்தார். அமுதா மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, சின்ன வயதில் நீங்களும் பாயை நனைப்பீர்களா?"

சேகர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் கணுக்காலைக் காட்டினார். அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது.

"சைக்கிளில் விழுந்தது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். எங்கள் அம்மா சூடு போட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நனைத்தேன். பத்து வயதில் தானாக நின்றது."

குமார் பாயில் படுத்திருந்தான். அவன் தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

3. எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

எல்லாக் குழந்தைக்கும் மருந்து வேண்டியதில்லை. ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடியும் நனைப்பது.
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வலி, காய்ச்சல்.
• சிறுநீரில் ரத்தம்.
• பகலிலும் சிறுநீர் கசிவது.
• அளவுக்கு மீறிய தாகம், உடம்பு இளைப்பது. இது நீரிழிவு நோயாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.
• மலச்சிக்கல். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். மலச்சிக்கல் தீர்ந்தாலே சில குழந்தைகளுக்கு நனைப்பது நின்றுவிடும்.

4. மணி எப்படிக் கற்றுக்கொடுக்கிறது?

"இதற்கு மாத்திரையும் உண்டு. மணியும் உண்டு. மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. முதலில் மணியை வைத்துப் பாருங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அது என்ன மணி?

1904 ஆம் ஆண்டில் நடந்தது இது. ஃபாண்ட்லர் என்பவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர். குழந்தை படுக்கையை நனைத்தால் நர்சுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்தார். ஈரம் பட்டதும் மணி அடிக்கும்படி ஒரு கருவி அமைத்தார். துணி மாற்றுவதற்காகத்தான் அதை வைத்தார். ஆனால் ஒரு புதுமை நடந்தது. நாளாக ஆகக் குழந்தைகள் நனைப்பதே குறைந்தது.

1938 இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதே முறையை 30 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. இன்றும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் இந்த மணியைப் பரிந்துரைக்கிறார்கள். மணியைத் தொடர்ந்து பயன்படுத்தினால், மூன்று குழந்தைகளில் சுமார் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கிறது.

காரணம் எளிது. சிறுநீர் வரத் தொடங்கியதும் மணி அடிக்கிறது. குழந்தை விழிக்கிறது. தினமும் இப்படி நடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு பழகிக்கொள்கிறது. மணி அடிக்கும் முன்பே விழிப்பு வருகிறது. அல்லது காலை வரை அடக்கிவைக்கப் பழகுகிறது.

ஆறு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது ஏற்றது. ஆனால் குழந்தைக்கு விருப்பம் இருக்க வேண்டும். இது தண்டனை மணி ஆகிவிடக் கூடாது.

5. தேவையான பொருள்கள்

கடையில் இந்த மணி விற்கிறது. சேகர் விலை கேட்டார். அவரால் வாங்க முடியவில்லை. அவர் ரேடியோ ரிப்பேர் கடை பாஷா பாயிடம் போனார்.

"நாமே செய்யலாம் சேகர். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிறதே ஒரு கருவி, அதே வித்தைதான் இது" என்றார் பாஷா பாய்.

அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது. அமுதா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

• 9 வோல்ட் சதுர பேட்டரி – 1
• பேட்டரியில் மாட்டும் கிளிப் – 1 (சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் உள்ளது)
• 9 வோல்ட் பஸ்ஸர் – 1 (பேட்டரி கொடுத்தால் தானே ஒலிக்கும் வகை)
• பி.சி. 547 டிரான்சிஸ்டர் – 1
• 47 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் – 1 (முதல் மூன்று கோடுகள் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு)
• சிறிய சுவிட்ச் – 1
• மெல்லிய ஒயர் – இரண்டு அடி நீளத்தில் 2
• உலோக டிச் பட்டன் – 2 ஜோடி முதல் 8 ஜோடி வரை
• மூடி உள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பா – 1
• இன்சுலேஷன் டேப்

6. செய்யும் முறை

ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். கடையில் இதைச் சால்டரிங் என்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் ரிப்பேர் கடையில் செய்து வாங்கலாம். இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டினால் போதும்.

முதலில் டிரான்சிஸ்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதில் எழுத்து இருக்கும். அந்தப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். கால்கள் கீழே இருக்கட்டும். இப்போது இடது கால், நடுக் கால், வலது கால் என்று மூன்று கால்கள் தெரியும்.

(1) பேட்டரி கிளிப்பின் சிவப்பு ஒயரைச் சுவிட்சின் ஒரு முனையில் சேர்க்கவும்.

(2) சுவிட்சின் மறு முனையில் இரண்டு ஒயர்களைச் சேர்க்கவும். ஒன்று பஸ்ஸரின் சிவப்பு ஒயர். இன்னொன்று முதல் நீள ஒயர்.

(3) பஸ்ஸரின் கறுப்பு ஒயரை டிரான்சிஸ்டரின் இடது காலில் சேர்க்கவும்.

(4) டிரான்சிஸ்டரின் வலது காலைக் கிளிப்பின் கறுப்பு ஒயரில் சேர்க்கவும்.

(5) டிரான்சிஸ்டரின் நடுக் காலில் ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேர்க்கவும். ரெசிஸ்டரின் மறு முனையில் இரண்டாவது நீள ஒயரைச் சேர்க்கவும்.

(6) இரண்டு நீள ஒயர்களின் நுனியிலும் டிச் பட்டனின் ஒரு பாதியைப் பற்ற வைக்கவும்.

(7) இணைப்புகளை டேப் சுற்றி மூடவும். எல்லாவற்றையும் சோப்பு டப்பாவுக்குள் வைக்கவும். சுவிட்ச் மட்டும் வெளியே இருக்கட்டும். நீள ஒயர்கள் இரண்டும் ஒரு சிறு துளை வழியாக வெளியே வரட்டும். பஸ்ஸர் ஒலி கேட்கவும் சில துளைகள் போடவும்.

(8) டிச் பட்டன்களின் மறு பாதிகளைப் பருத்தி ஜட்டியில் தைக்கவும். முன்பக்கத்தில், வெளிப்புறத்தில் தைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விடவும். நான்கு ஜட்டிகளில் தைத்துக்கொண்டால் துவைத்து மாற்ற வசதி. அதற்கு 8 ஜோடி பட்டன் வாங்க வேண்டும்.

இனிச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். சுவிட்சைப் போடுங்கள். மணி ஒலிக்கக் கூடாது. இரண்டு பட்டன்களையும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் நனையுங்கள். மணி ஒலிக்க வேண்டும். வெளியே எடுத்துத் துடையுங்கள். மணி நிற்க வேண்டும்.

ஏன் ஒலிக்கிறது? காய்ந்த துணி வழியாக மின்சாரம் போகாது. சிறுநீரில் உப்பு இருக்கிறது. அதனால் நனைந்த துணி வழியாகச் சிறிதளவு மின்சாரம் போகும். அந்தச் சிறிய மின்சாரம் டிரான்சிஸ்டரைத் திறந்துவிடுகிறது. பஸ்ஸர் ஒலிக்கிறது.

7. இவற்றை மறக்க வேண்டாம்

• பேட்டரி மட்டுமே வேண்டும். வீட்டுக் கரன்ட்டில் இணைக்கவே கூடாது. செல்போன் சார்ஜரிலும் இணைக்கக் கூடாது.
• ரெசிஸ்டர் இல்லாமல் செய்யக் கூடாது. மின்சாரத்தை மிகவும் குறைப்பது அதுதான். பழைய காலத்துக் கருவிகள் சிலவற்றில் குழந்தை விழிக்காமல் ஈரத்திலேயே கிடந்தது. தோலில் புண் வந்தது.
• பட்டன்கள் தோலில் படக் கூடாது. துணியின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும். தோல் சிவந்தால் நிறுத்திவிடவும்.
• ஒயர் கழுத்துப் பக்கம் போகக் கூடாது. சட்டையின் மேற்புறத்தில் ஒரு பை தைத்து டப்பாவை அதில் வைக்கவும். ஒயர் சட்டைக்குள்ளேயே இறங்கட்டும்.
• வட்டமான சிறிய பட்டன் பேட்டரியைப் பயன்படுத்த வேண்டாம். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.
• பேட்டரி சூடானால் உடனே கழற்றிவிடவும்.
• தினமும் படுக்கும் முன் ஒரு முறை சோதித்துப் பார்க்கவும்.

8. முதல் இரவு

குமார் படுக்கும் முன் ஒன்றுக்குப் போய்வந்தான். தானே பட்டனை மாட்டினான். தானே சுவிட்சைப் போட்டான்.

லைன் வீட்டில் கழிப்பறை வெளியே இருந்தது. இருட்டில் போகக் குமாருக்குப் பயம். அதனால் அமுதா மூலையில் ஒரு வாளி வைத்தாள். சின்ன விளக்கையும் எரியவிட்டாள்.

நள்ளிரவில் மணி கத்தியது. அமுதா திடுக்கிட்டு எழுந்தாள். சேகரும் எழுந்தார். பக்கத்து வீட்டு ஆயாவும் எழுந்துவிட்டார். குமார் மட்டும் எழவில்லை!

அமுதாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் இது சகஜம். முதல் சில வாரம் பெரியவர்தான் எழுப்ப வேண்டும். லட்சுமி முன்பே சொல்லியிருந்தார்.

அமுதா குமாரை உட்கார வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். "உன் பேர் என்ன? என்ன வகுப்பு?" என்று கேட்டாள். அவன் சரியாகப் பதில் சொன்னான். நன்றாக விழித்துவிட்டான் என்று தெரிந்தது. அவனே சுவிட்சை அணைத்தான். மீதிச் சிறுநீரை வாளியில் கழித்தான். வேறு ஜட்டி மாற்றினான். பட்டனைத் துடைத்து மறுபடி மாட்டினான். படுத்தான்.

யாரும் திட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

சேகர் அதிகாலையில் ரயில் பிடிக்க வேண்டும். அதனால் வார நாட்களில் அமுதா எழுந்தாள். சனிக்கிழமை இரவு சேகர் எழுந்தார்.

9. அமுதாவின் காலண்டர்

அமுதா சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. திருமணத்துக்குப் பிறகுதான் எழுத்தறிவு வகுப்பில் படித்தாள். இப்போது அந்தப் படிப்பு உதவியது. சுவரில் காலண்டர் தொங்கியது. தினமும் காலையில் தேதிக்குப் பக்கத்தில் எழுதினாள். "ஈரம்" அல்லது "காய்ந்தது". மணி அடித்த நேரத்தையும் எழுதினாள்.

முதல் வாரம் எல்லாமே "ஈரம்". ஆனால் நான்காவது வாரம் ஒன்று தெரிந்தது. முதலில் மணி 11 மணிக்கே அடித்தது. இப்போது 3 மணிக்கு அடிக்கிறது. பாயில் ஈரம் இல்லை. ஜட்டியில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். எழுதி வைத்திராவிட்டால் இது தெரிந்திருக்காது. "பலனே இல்லை" என்று மணியைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஐந்தாவது வாரம் குமார் மணிச் சத்தம் கேட்டுத் தானே எழுந்தான். ஏழாவது வாரம் ஓர் இரவு மணி அடிக்கவே இல்லை. குமார் தானாக எழுந்து வாளிப் பக்கம் போனான். அமுதா விழித்துத்தான் இருந்தாள். தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினோராவது வாரம் முடிந்தது. காலண்டரில் தொடர்ந்து 14 "காய்ந்தது". அந்த 14 தான் கணக்கு. அதற்கு முன் மணியை நிறுத்தக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மூன்று இரவு நனைத்தான். அமுதா பயப்படவில்லை. மணியை மீண்டும் எடுத்தாள். இந்த முறை மூன்றே வாரத்தில் சரியானது.

எல்லாக் குழந்தைக்கும் இப்படியே நடக்காது. சிலருக்கு இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். ஆறு வாரம் ஆகியும் சிறு மாற்றம்கூட இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணி பலிக்காவிட்டாலும் குழந்தைமேல் குற்றம் இல்லை. வேறு வழி இருக்கிறது. காலமும் உதவும். படுக்கையை நனைக்கும் 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு ஒவ்வோர் ஆண்டும் தானாகவே நின்றுவிடுகிறது.

பள்ளி லீவு விட்டது. குமார் பங்காருபேட்டை அத்தை வீட்டுக்குப் புறப்பட்டான். பையில் சோப்பு டப்பாவையும் வைத்துக்கொண்டான்.

"அதுதான் வேண்டாமே?" என்றாள் அமுதா.

"எனக்கு இல்லை அம்மா. அத்தை வீட்டுப் பக்கத்தில் ஒரு பையன் இருக்கிறான். அவன் காலையில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பானாம்" என்றான் குமார்.

நினைவில் வைப்போம்

• படுக்கையை நனைப்பது குழந்தையின் குற்றம் அல்ல. பெற்றோரின் குற்றமும் அல்ல.
• அடி, திட்டு, சூடு எதுவும் இதை நிறுத்தாது. சூடு போடுவது கொடுமை.
• பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். மாலைக்கு மேல் டீ, காப்பி, கோலா வேண்டாம்.
• முதலில் மருத்துவரிடம் காட்டுவோம். பிறகு மணியைப் பயன்படுத்துவோம்.
• தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருக்கும் வரை மணியை விடாமல் வைப்போம்.

பேசுவோம்

1. அமுதா ஏன் அடுப்பை அணைத்தாள்?
2. சேகர் தன் தழும்பைப் பற்றி ஏன் பொய் சொன்னார்?
3. பட்டன்களை ஏன் துணியின் வெளிப்புறத்தில் தைக்க வேண்டும்?
4. காலண்டரில் எழுதியதால் என்ன நன்மை கிடைத்தது?
5. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அதன் தாயிடம் என்ன சொல்வீர்கள்?

எழுதுவோம்

கீழே ஒரு வாரக் கணக்கு இருக்கிறது. படியுங்கள்.

திங்கள் – ஈரம் – இரவு 11 மணி
செவ்வாய் – ஈரம் – இரவு 1 மணி
புதன் – காய்ந்தது
வியாழன் – ஈரம் – இரவு 3 மணி
வெள்ளி – காய்ந்தது
சனி – காய்ந்தது
ஞாயிறு – ஈரம் – விடியற்காலை 4 மணி

எத்தனை இரவு ஈரம்? எத்தனை இரவு காய்ந்தது? இந்தக் குழந்தைக்கு முன்னேற்றம் இருக்கிறதா? எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.